பார்சலோடு போகிறவர்

மூச்சை அடக்கிக்கொண்டுதான் கார்டைத் தொடுவார். இரண்டு ஓரங்களை மட்டும் விரல் நுனியால் பிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் நழுவவிட்டு, அது அடியில் போய் உட்கார்ந்த பிறகுதான் மூச்சை விடுவார். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துத்தான் விடுவார். "நம்ம மூச்சுல ஈரம் இருக்கு. அதுக்கு ஆகாது" என்பார். அந்த நேரம் பார்த்து வீட்டில் யாராவது தும்மிவிட்டால் போச்சு, அன்றைக்குப் பூராவும் அவர் மூஞ்சி மூஞ்சியாக இருக்காது.

தெருவில் அவருக்கு ஒரே பெயர்தான்: 'மெதுவா'. பாதி ஆயுளை ஜன்னல் கண்ணாடி விற்கும் கடையில் கழித்தவர். ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே சொந்தப் பெயரைத் தொலைத்தார். முழங்கால் மக்கர் பண்ணியதும் கடைக்காரர் மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் மகளுக்கு ஒரு வியாபாரம் இருந்தது. பழைய படக் கார்டுகளைத் தேடி வாங்கி, சேகரிக்கிறவர்களுக்கு விற்பாள். பறவைப் படம், கப்பல் படம், பூப்படம். உள்ளங்கையில் அடங்குகிற இந்தத் துண்டுக்கு ஜனங்கள் உயிரை விடுகிறார்கள் என்று கேட்டபோது மெதுவா சிரித்தார். ஒரு மூலை மடங்கினால் அதன் மதிப்பே போய்விடும் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப இதுவும் கண்ணாடிதானே" என்றார். அன்றிலிருந்து பார்சல் கட்டுவது அவர் வேலை.

கட்டுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! மெல்லிய உறைக்கு மேல் ஒரு கெட்டி பிளாஸ்டிக் உறை. அதன் வாயைப் பசை படியாத பேப்பர் டேப்பால் மூடி, டேப்பின் நுனியை மட்டும் மடித்து விடுவார். பிரிக்கிறவர் நகத்தால் சுரண்டி அவதிப்படக் கூடாதாம். அதை ஈரம் புகாத சின்னப் பையில் போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே படுக்கவைப்பார். அட்டை என்றால் காசு கொடுத்து வாங்கியதல்ல. சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி என்று கிடைத்ததை அறுத்து வைத்திருப்பார். ஒன்றில் அட்டைக்குள் இருக்கும் நெளி வரிகள் நெடுக்காக ஓடினால் மற்றதில் குறுக்காக ஓட வேண்டும். "இப்படி மடங்கப் பாத்தா இது விடாது, அப்படி மடங்கப் பாத்தா அது விடாது. புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்பார், தையல் மெஷினில் இருக்கும் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"ஆமா, நடுவுல மாட்டினது என்ன பாடு படுதோ" என்பாள் அந்த அம்மா, மெஷினை நிறுத்தாமலே.

அட்டைகளின் நாலு ஓரமும் ஒட்டி, பெட்டிக்குள் வைத்து, காலியான இடத்தில் இன்னும் சில அட்டைத் துண்டுகளைச் செருகுவார். மூடியதும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது முணுமுணுத்தால் பிரித்து மறுபடி முதலிலிருந்து.

கை இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும். ஆள் அங்கே இருக்க மாட்டார். அதுதான் மெதுவாவின் விசேஷம். முதல் டேப் ஒட்டும்போதே பார்சலோடு கிளம்பிவிடுவார். வேன் கதவு சாத்திக்கொள்ளும். இருட்டு. பக்கத்தில் யாருக்கோ போகிற செருப்பு, தலைமாட்டில் யாருடைய கல்யாணத்துக்கோ போகிற பட்டுத்துணி. கூரையில் மழை விழ ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தில் பெட்டிகளெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிப்போகும். அப்புறம் ஒரு பெரிய கூடம், விளக்கு வெளிச்சம், நீளமான ரப்பர் பெல்ட். ஊர் ஊராகப் பெயர் எழுதிய பெட்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். யாரோ தூக்கி எறிவார்கள். இங்கே மேஜை முன்னால் மெதுவாவின் தோள் நிஜமாகவே குறுகும்.

"அப்பா, எங்க இருக்கீங்க?" என்பாள் மகள்.

"இப்பத்தான் பெல்ட்ல இருந்து இறங்கினேன்மா. தூக்கிப் போட்டான் பாரு ஒருத்தன், இடுப்பு போச்சு!"

எங்கே வலித்ததோ அந்த இடத்தில் இன்னொரு அட்டை வைப்பார். வாழ்நாளில் பெரிதாக எங்கேயும் போகாத மனுஷன். இந்த மேஜைக்கு வந்த பிறகு அவர் போகாத ஊர் கிடையாது.

அந்தப் போக்குவரத்தில்தான் வினை வந்தது. பழைய பறவை வரிசையில் கிடைக்கவே கிடைக்காத மீன்கொத்திக் கார்டு ஒன்று மகள் கையில் சிக்கியது. தொலைவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர், அந்த வரிசையில் அது ஒன்றுதான் இல்லை என்று தவித்துக்கொண்டிருந்தவர், உடனே கேட்டு வாங்கினார். மெதுவா கட்டினார். பார்சல் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து போன் வந்தது.

"பெட்டி பூரா குப்பை அட்டைதாங்க இருக்கு. கார்டைக் காணோம்."

மகள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்பா, உள்ள வெச்சீங்கதானே?"

"வெச்சேன்னுதான் நினைக்கிறேன்."

அந்த 'நினைக்கிறேன்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவரும் அடித்துச் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தார்; வாய் வரவில்லை. வேன் கூரையில் பெய்த மழை ஞாபகம் இருந்தது. துறைமுகத்தில் நின்றதும், விடிகிற நேரத்தில் கப்பல் ஊதியதும்கூட ஞாபகம் இருந்தது. கார்டைக் கை எடுத்து வைத்தது மட்டும் ஞாபகம் இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். மனைவி தையல் மெஷின் டிராயரைக் கொட்டிப் பார்த்தாள், மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். மீன்கொத்தி எங்கும் இல்லை. நம்பிக்கையில் ஓடுகிற வியாபாரம் அது. காலிப் பெட்டி அனுப்புகிறவள் என்று பேர் வந்துவிட்டால் அவள் கடையை மூட வேண்டியதுதான்.

மெதுவா ஊர் போவதை நிறுத்திக்கொண்டார். "கார்டு எடுத்தாச்சு. உறையில போட்டாச்சு. பாத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கட்டினார். கட்டி முடித்து எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். திரும்பி வந்து கட்டர் கத்தியால் ஒட்டிய டேப்பை அறுத்து, இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். மறுபடி கட்டுவார், மறுபடி அறுப்பார். ஒரு தடவை கத்தி ஆழமாக இறங்கிக் கெட்டி உறையில் கீறல் விழுந்தது. கார்டு தப்பியது மயிரிழையில். அத்தனை கண்ணாடியை உடையாமல் தூக்கின கையால் இப்படி ஆனதை மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, இனிமே நானே கட்டிக்கறேன். நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றாள், மனசு நோகாமல் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்து யோசித்து.

"சரிம்மா."

ஜன்னலோர நாற்காலிக்குப் போனார். பாவம், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். தெருவில் பார்சல் வேன் போகும். அவர் போக மாட்டார். உடம்பு இங்கே உயிர் எங்கேயோ என்று இத்தனை நாளும் திட்டித் தீர்த்த மனைவிக்கே தாங்கவில்லை. "எங்கயாவது ஒரு நடை போயிட்டுத்தான் வாங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஒரு நாள் காலை, மகள் திணறித் திணறி ஒரு கப்பல் கார்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது முடிதிருத்துபவர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே, "என்னை மன்னிச்சிடுங்கம்மா!"

விஷயம் இதுதான். கார்டு என்றால் பளபளவென்று வந்து இறங்கும் என்று காத்திருந்தவர் அவர். சோப்புப் பெயர் அச்சடித்த பழைய அட்டையை எதற்குப் பிரிக்கப் போகிறார்? அவர் கடை மேஜைக்கு ஒரு கால் குட்டை. வந்த அட்டைகளில் நல்ல கெட்டியாக இருந்ததைப் பொறுக்கி அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். மேஜை ஆடாமல் நின்றது, அவருக்கும் திருப்தி. தரையைத் துடைத்துத் துடைத்து அட்டை ஊறி, மேல்தாள் உரிந்து, உள்ளே ஏதோ மினுங்கவும்தான் குனிந்து பார்த்திருக்கிறார். "ஊரெல்லாம் தேடின பறவைங்க. என் காலடியிலயே கிடந்திருக்கு!" என்று போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

மகள் ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னாள். மெதுவா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஈரம் பட்டுச்சா?"

"ஒரு பொட்டு படலையாம்பா."

"மூலை?"

"நாலும் அப்படியே இருக்காம். ஒரு மேஜையே மேல நின்னிருக்கு!" சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகையானது. "நான் போய் உங்களை..."

"மெதுவா, மெதுவா" என்று கையை உயர்த்தினார். "எனக்கே தெரியலையேம்மா. உன்னை என்ன சொல்றது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் அரைகுறையாகக் கட்டியதைப் பிரித்தாள். கப்பல் கார்டை மேஜை நடுவில் வைத்தாள். மேஜை நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். பக்கத்தில் நிற்கவில்லை, "நான் குளிக்கப் போறேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெதுவா கட்டினார். அட்டைகளின் ஓரம் ஒட்டியதும் தடித்த பேனாவை எடுத்து மேல் அட்டையில் கொட்டை கொட்டையாக எழுதினார்: 'உள்ளே ஆள் இருக்கு.' எட்டிப் பார்த்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்காது. அதற்குள் கண் எங்கேயோ போய்விட்டது. உப்புக்காற்று, மெல்ல மெல்ல ஆடுகிற தளம், கரை தெரியாத தண்ணீர்.

திரும்பி வந்தபோது பெட்டி கட்டி முடிந்து எதிரே இருந்தது. கட்டியது ஞாபகம் இல்லை. கை தன்பாட்டுக்குக் கட்டர் கத்தியை எடுத்து, பிளேடை வெளியே தள்ளி, டேப்பின் மேல் வைத்தது.

பிறகு கட்டைவிரலால் பிளேடை உள்ளே இழுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கி, வேனுக்குப் போக வேண்டிய பையில் வைத்தார்.