மூழ்கத் தெரிந்த கப்பல்

பதினைந்து வருடம் கடற்படையில் இருந்த பகலவன் எதிரியின் கப்பல் ஒன்றைக்கூட மூழ்கடித்ததில்லை. அவன் மூழ்கடித்ததெல்லாம் நம்முடைய கப்பலைத்தான். அதற்குத்தான் சம்பளம், சீருடை, இப்போது பென்ஷன்.

படைகளைக் கரையிறக்கும் கப்பல் அது. ஆயிரம் சிப்பாய்கள், டாங்கிகள், லாரிகள், மேல்தளத்தில் ஹெலிகாப்டர்கள், உள்ளே ஆபரேஷன் தியேட்டரோடு ஓர் ஆஸ்பத்திரி. அடிவயிற்றில் ஒரு பெரிய கூடம். அதற்குள் நாலு படகுகள் டாங்கியைச் சுமந்தபடி உட்கார்ந்திருக்கும். கரை நெருங்கியதும் கப்பல் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு பின்பக்கமாகத் தாழும். பின்கதவு திறக்கும். கூடத்துக்குள் கடல் வரும். படகுகள் மிதந்து வெளியே போகும். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு நீர் என்று பார்க்கும் பலகைக்கு முன்னால்தான் பகலவன் உட்கார்ந்திருந்தான்.

"மெல்ல முழுக்கணும் மாமா. அதுலதான் இருக்கு வேலையே" என்றான் டீக்கடையில்.

கடைக்காரர் ரெத்தினம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "மெல்ல முழுக்கறதா? அதை நம்ம கூட்டுறவு சங்கத்துல எத்தினி வருசமாப் பண்றானுவ. யாரு மாப்ள மெடல் குடுத்தா?"

அன்றிலிருந்து ஊரில் அவனுக்குப் பெயர் கப்பல்.

அவன் கடலில் இருந்த பதினைந்து வருடமும் வாய்க்காலுக்கு அக்கரையில் நாலு மா நிலத்தைப் பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி செவ்வந்தி. எப்போது தண்ணீர் வைப்பது, எப்போது வடிப்பது என்று அவளுக்கு விசாகப்பட்டினக் கடற்படைத் தளத்தில் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆகவே அது ஒரு திறமையாகக் கருதப்படவில்லை.

இந்தத் தையில் சம்பா நன்றாக விளைந்திருந்தது. முன்பட்டம் நட்டவர்கள் பொங்கலுக்கு முன்பே அறுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு மறுநாள், புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலத்தை இடித்தார்கள். இடிப்பதில் காட்டிய சுறுசுறுப்பில் ஊரே அசந்துபோனது. ஆள் நடக்க இரண்டு பனைமரங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். நெல் அறுக்கும் மெஷின் பனைமரத்தில் நடக்காது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. மூன்று நாளில் மழை என்றது செல்போன். மழைக்கு முன்னால் நெல் வீடு வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் கதிரிலேயே முளைத்துவிடும்.

"எட்டுப் பொம்பளைங்கள கூப்பிட்டா ரெண்டு நாள்ல கையால அறுத்துடலாங்க" என்றாள் செவ்வந்தி.

"ஒரு மணி நேர வேலைக்கு ரெண்டு நாளா? மெஷினை நான் இறக்குறேன்."

அவன் நீல டிரம்கள் முப்பதை மூங்கிலில் கட்டி மிதவை செய்தான். எடைக் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரே குறை, வாய்க்காலில் தண்ணீர் கரைக்கு நாலடி கீழே ஓடியது. மிதவை கரை மட்டத்துக்கு வந்தால்தான் மெஷின் ஏறும். கப்பலென்றால் கப்பலைத் தாழ்த்தலாம். கரையைத் தாழ்த்த முடியாததால் தண்ணீரை உயர்த்த முடிவு செய்தான். வாய்க்காலில் சற்றுக் கீழே இருந்த மதகு ஷட்டரை இரண்டு மணி நேரம் மட்டும் இறக்கி வைக்கும்படி பொதுப்பணித்துறை லஸ்கர் வீரையனைக் கேட்டான். வீரையன் நாட்டுக்காக இறக்கினார்.

ஊர் கரையில் கூடியது. ஆத்தூரிலிருந்து மெஷின் கொண்டுவந்திருந்த டிரைவர் ராஜ்குமார் மிதவையைக் காலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தான்.

"அண்ணே, இது முதலாளி வண்டி."

"டாங்கியையே இறக்கியிருக்கோம் தம்பி."

தண்ணீர் ஏறியது. மிதவை அழகாக எழும்பியது. பகலவன் கூட்டத்தைப் பார்த்து, இதேபோலத்தான் கப்பலிலும் என்று ஆரம்பித்தான். கப்பலில் நீர் எடுக்கும் முன் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று மூன்று முறை உரக்கக் கேட்பார்கள். மூன்று முறையும் பதில் வந்தால்தான் அடுத்த வேலை. அந்த ஒழுங்கைப் பற்றி அவன் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கரையிலிருந்து செவ்வந்தியின் குரல் வந்தது.

"ஏங்க! வயலுக்குள்ள தண்ணி வருது!"

"மடைய மூடலையா?"

"மூடச் சொன்னீங்களா? மெஷினுக்கு வயலு வடிஞ்சு காயணுமேன்னு மூணு நாளா திறந்துல்ல கெடக்கு! காலையிலகூடச் சொன்னேனே!"

காலையில் அவள் சொன்னபோது அவன் டிரம் எண்ணிக்கொண்டிருந்தான்.

பனைமரத்தின் மேல் அவன் ஓடி, மடைக்குப் பலகை போட்டு, வீரையன் ஷட்டரைத் தூக்குவதற்குள் நாலு மாவிலும் முழங்கால் தண்ணீர். பின்கதவைத் திறந்து, கூடத்தை நிரப்பி, ஓரிடத்திலும் பிசகில்லாமல் அவன் செய்த மிகச் சிறந்த மூழ்கடிப்பு அதுதான். கப்பலில் காற்றை அழுத்தித் தொட்டி நீரை வெளியே தள்ளுவார்கள். வயலுக்கு அந்த வசதி இல்லை.

"சேத்துல எறக்குனா வண்டிய வெளிய எடுக்க இன்னொரு கப்பல் வேணும்ணே" என்று ராஜ்குமார் மெஷினைத் திருப்பிக்கொண்டு போனான்.

செவ்வந்தி ஊருக்குள் போய் எட்டுப் பெண்களைக் கூட்டிவந்தாள். முழங்கால் சேற்றில் நின்று ஒருநாள் முழுக்க அறுத்தார்கள், மறுநாளும் அறுத்தார்கள். ஈரக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பனைமரத்தில் நடக்க யாராலும் முடியாது. ஆகவே மிதவைக்கு வேலை வந்தது. மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி பகலவன் அதை அக்கரைக்கும் இக்கரைக்கும் இழுத்தான். ஒரு தடவைக்குப் பத்துக் கட்டு. மெஷினைத் தாங்கும் என்று சொல்லப்பட்ட மிதவை நெல்லை நன்றாகத் தாங்கியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கடைசிக் கட்டு களத்துக்கு வந்தபோது வானம் கறுத்துவிட்டது.

"ஹெலிகாப்டர் எப்ப மாப்ள வரும்?" என்றார் ரெத்தினம்.

செவ்வந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஹெலிகாப்டர் கெடக்கட்டும் சித்தப்பா. அந்தக் கப்பல்ல ஆஸ்பத்திரி இருக்காம்ல, எங்க ஒம்பது பேரையும் அதுல சேக்கச் சொல்லுங்க."

முதல் தூறல் விழுந்தது.

"நெல்லுப் போர் மேல தார்ப்பாய் மூடியாச்சா?" என்று பகலவன் உரக்கக் கேட்டான்.

"மூடுறோம்."

"மூடியாச்சா?"

மூன்றாவது முறை கேட்பதற்குள் செவ்வந்தி தார்ப்பாயின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். "பிடிங்க" என்றாள்.

பிடித்தான்.