மேடையில் போட்ட மூன்றாவது முடிச்சு

போன வாரம் மலைமேல் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டியாகிவிட்டது, அட்சதை போட்டாகிவிட்டது, ஐயர்கூட அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விட்டார். திருத்தணியில் முகூர்த்த நாளென்றால் தெரியுமல்லவா, தூணுக்கு ஒரு கல்யாணம் நடக்கும். வீடியோக்காரர் மட்டும் மாப்பிள்ளையை விடுவதாக இல்லை.

"சார், ஐயரு கை மறைச்சிடுச்சு. இன்னொரு தபா கட்ற மாதிரி கைய வைங்க. மேடம், நீங்க அப்படியே தலை குனிஞ்சிகினு இருங்க."

மாப்பிள்ளை இல்லாத முடிச்சைப் போட்டார். பெண் வராத வெட்கத்தை வரவழைத்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னா அப்படி பாத்துகினு கீறீங்க, பந்திக்கு வாங்க" என்று மனைவி முழங்கையால் இடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

எல்லாம் அந்த ஈர மஞ்சள் கயிற்றின் வாசனையால் வந்தது. உங்களுக்கெல்லாம் அது கல்யாண வாசனை. எனக்கு நாடக வாசனை. அதன் பின்னாலேயே முகப்பூச்சும் தேங்காயெண்ணெயும், பெட்டிக்குள் ஒரு வருஷம் கிடந்த ஜரிகைத் துணியின் புழுங்கல் நெடியும் வந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இதே ஊரில் டைப்பிஸ்ட் வேலை. காதுக்கு மேல் முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு திரிந்த காலம். இப்போது சுருட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. காணும் பொங்கலன்று எங்கள் குழு நாடகம் போடும். கே.ஜி.கண்டிகை ஜனமும் கனகம்மாசத்திரம் ஜனமும் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டுமென்பதால் பகல் மூன்று மணிக்கே திரையைத் தூக்கிவிடுவோம். பள்ளிக்கூட மைதானத்தில் கிழக்கே பார்த்த மேடை, முதுகுப் பக்கம் மலை. வெயில் சாயச் சாய, பின்திரையில் வரைந்த மாளிகைக்குள் வெளிச்சம் புகுந்து தூண்களெல்லாம் தேன் நிறமாகும். அதற்குப் பிறகு எத்தனையோ நிஜ மாளிகைகளைப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அவ்வளவு அழகாக இல்லை. திரைக்குப் பின்னால் யாராவது பீடி பற்றவைக்கக் குனிந்தால் அவர் நிழலும் மாளிகைக்குள் உலவும் என்பது வேறு விஷயம்.

ஊர்ப் பெண்கள் மேடையேற மாட்டார்கள். கதாநாயகி மெட்ராஸிலிருந்து காலை ரயிலில் வருவார், ஒரே ஒத்திகை, நாடகம், சாயங்கால ரயில். அப்படி வந்த நடிகைகள் எங்களுக்கு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கல்யாணக் காட்சியில் தாலிக்கு இரண்டே முடிச்சு. மூன்றாவதைப் போட்டால் நிஜமாகிவிடும். இரண்டாவது விழுந்ததுமே, பின்னலைச் சரிசெய்வதுபோலக் கையைப் பிடரிக்குக் கொண்டுபோய் அந்த இடத்தை மூடிவிடுவார்கள். நாத்தனார் வேஷத்துக்கு ஆள் இல்லாததால் எங்கள் நாடகங்களில் முடிச்செல்லாம் மாப்பிள்ளை பொறுப்புதான். டைரக்டர் ஏகாம்பரம் தையல்காரர், கழுத்தில் டேப் தொங்கத்தான் ஒத்திகை நடத்துவார். "ரெண்டு நமக்கு, மூணாவது சாமிக்கு" என்று ஒவ்வொரு வருஷமும் மாப்பிள்ளைக்கு நினைவூட்டுவார்.

அந்த வருஷம் நான் மாப்பிள்ளை. கதாநாயகி சுலோச்சனா.

சுலோச்சனா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், மணவூரிலிருந்து ரயிலில் வந்து போகிறவள். முகத்தைப் பார்ப்பதற்கு எட்டு மாதம் முன்பே எனக்குக் குரல் பழக்கம். ஆபீசிலிருந்து வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்டால், "லைன்ல இருங்க சார்" என்பாள். நான் இருப்பேன். மறுமுனை கிடைக்கவே கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டு இருப்பேன். அந்தக் குரலை வைத்து, சாந்தமான, உயரமான, கேட்டதற்கெல்லாம் தலையசைக்கிற ஒரு பெண்ணை நானாகவே செய்து வைத்திருந்தேன். ஒத்திகைக்கு வந்தவள் குள்ளமாக, விறுவிறுவென்று நடப்பவளாக, எடுத்ததற்கெல்லாம் சண்டை பிடிப்பவளாக இருந்தாள். அதனாலென்ன, நான் செய்து வைத்தவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடிக்க வேண்டுமென்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசையாம். அப்பாவைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருஷம் ஆனதாகச் சொன்னாள். அவர் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அப்பாவை நைனா என்பாள். மேடையேறிய முதல் உள்ளூர்ப் பெண் அவள்தான். இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் அவளைப் பார்க்க வரப்போகின்றன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கும்தான்.

கதை வழக்கமானது. மனைவி வேலைக்குப் போவாள், கணவன் சந்தேகப்படுவான், அவள்மேல் தப்பில்லை என்று தெரியவரும். கடைசிக் காட்சியில் அவளேதான் அவன் காலில் விழுவாள்.

"தப்பு பண்ணவன் அவன். இவ எதுக்கு சார் கால்ல உழணும்?"

"உழுந்தாதாம்மா கைதட்டுவாங்க" என்றார் ஏகாம்பரம். ஒத்திகை முழுக்க இந்தச் சண்டை ஓயவில்லை.

காணும் பொங்கல் வந்தது. கல்யாணக் காட்சியில் கெட்டிமேளத்துக்கு இசைத்தட்டு ஓடியது. மலையிலிருந்தும் நிஜமாகவே ஒரு நாதஸ்வரம் இறங்கி வந்து அதோடு கலந்தது. மஞ்சள் கயிறு நனைந்து கையில் ஒட்டியது. மாளிகை தேன் நிறமாகிவிட்டது. ஒரு முடிச்சு போட்டேன். இரண்டு போட்டேன். பிடரிக்குக் கையைக் கொண்டுபோகும் தந்திரம் சுலோச்சனாவுக்குத் தெரியாது. தலைகுனிந்து, என்னை நம்பி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவதையும் போட்டேன். கை தவறிவிட்டது என்று பல வருஷம் சொல்லிவந்தேன். தவறவில்லை. அந்த நிமிஷம் எல்லாமே உண்மைபோல இருந்தது, உண்மையாகவே இருந்துவிடட்டும் என்று ஆசைப்பட்டேன். வேண்டுமா என்று அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

எண்ணிக்கொண்டிருந்தவர்கள் முன்வரிசையிலேயே இருந்தார்கள். "மூணு போட்டுட்டான்டா!" என்று யாரோ கத்த, திரையை இறக்கினோம். ஏகாம்பரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். முருகன் சந்நிதி எதிரில் விழுந்த முடிச்சு, இனிமேல் என்ன செய்ய முடியும், பையனும் நல்ல வேலையில்தான் இருக்கிறான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவள் அப்பா அவளிடம் வந்தார்.

"இன்னாம்மா பண்றது, ஊரே பாத்துடுச்சே."

"ஊரு பாத்தது நாடகம் நைனா" என்றாள் சுலோச்சனா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். தெரியாம போட்டீங்களா, தெரிஞ்சே போட்டீங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தே என்றால் என் மானம் போகும். தெரியாமல் என்றால் அவள் போய்விடுவாள். சும்மா இருந்தால் பெரியவர்களே அவளை எனக்கு முடித்து வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நினைத்தேன்.

அவள் என்னை விட்டுத் திரும்பினாள். ஏகாம்பரத்திடம் கத்திரிக்கோல் கேட்டாள். தாலிக்கயிறாயிற்றே, அவர் கொடுக்கவில்லை. பூச்சரத்தைப் பிய்த்துப்போட்டுவிட்டுக் கயிற்றைத் தலைவழியே கழற்றி, டப்பா நகைகள் கிடந்த தகரப்பெட்டியில் போட்டாள்.

"இன்னும் ரெண்டு சீன் கீது. எல்லாரும் எடத்துக்குப் போங்க."

கடைசிக் காட்சி. பக்கத்துத் தட்டி மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர், "மன்னிச்சிடுங்க அத்தான்... மன்னிச்சிடுங்க அத்தான்" என்று கிசுகிசுக்கிறார். சுலோச்சனா சொல்லவில்லை, விழவுமில்லை. நேராக நின்று என்னைப் பார்த்தாள். யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். அழுதுவிட்டேன்.

என்ன கைதட்டல் என்கிறீர்கள்! நான் நடித்த நாடகங்களிலேயே அதுதான் நல்ல நடிப்பு என்று அப்புறம் வருஷக்கணக்கில் சொன்னார்கள். அந்த வார்த்தை யாருக்கோ அவள் மட்டும் நடிப்பென்றோ நிஜமென்றோ எதுவும் சொல்லாமல், முகப்பூச்சைக்கூடக் கழுவாமல் அப்பாவோடு மணவூர் ரயிலுக்குப் போய்விட்டாள்.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. "இன்னா, ஊட்டுக்காரர் லைன்ல கீறாரா?" என்று எக்ஸ்சேஞ்சுக்கே போன் போட்டுச் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் வெளியூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. டீக்கடையில் தோளைத் தட்டி உட்கார இடம் கொடுத்தார்கள்.

அந்த எக்ஸ்சேஞ்ச் இப்போது இல்லை, ட்ரங்க் காலும் இல்லை. மேடை இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. ஏகாம்பரம் இறந்துபோனார். டிவி வந்துதான் நாடகம் போச்சு என்று ஊரில் சொல்வார்கள், நானும் ஆமாம் போடுவேன். ஆனால் டிவி வருவதற்கு முன்பே ஒன்று போய்விட்டது.

சுலோச்சனாவின் நடிப்பைப் பார்த்துவிட்டு, மறுவருஷ நாடகத்துக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர் தானாக வந்து பெயர் கொடுத்திருந்தார். கஸ்தூரி என்று பெயர். ஒத்திகை தொடங்குகிற அன்றைக்கு வந்து, வசன நோட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வீட்டில் வேண்டாமென்றார்களா என்று கேட்டேன்.

"ஊட்ல ஒண்ணும் சொல்லல சார். எனக்கும் ஆசதான். ஆனா எதிர்ல நிக்கிறவரு நடிக்கிறாரா இல்லியான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

நோட்டை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் பெயர் கொடுக்க வரவில்லை.