ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வக்கீல்

உளுந்து ஆறாம் வகுப்பு. பச்சைப்பயறு ஏழு. கொள்ளு எட்டு, மொச்சை ஒன்பது, நெல் பத்து. மே மாதப் பகலில் வீட்டின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, குந்தி உட்கார்ந்து, ரெமிஜியஸ் சார் தானியங்களை நகர்த்திக்கொண்டிருப்பார். குறுக்கே யாரும் நடக்கக் கூடாது. கால் பட்டால் ஏழாம் வகுப்பு கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். வலங்கைமான் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அவர் கணக்கு வாத்தியார். பதினேழு வருடமாக அந்தப் பள்ளியின் டைம்டேபிள் இந்தத் தரையில்தான் தயாராகிறது.

ஒரு வருடம் அவர் மனைவி பாத்திமா மேரி, தரையில் கிடந்த மொச்சையை அள்ளிக் கழுவி ஊறப்போட்டுவிட்டார். "ஒரு வகுப்பையே குழம்பு வெச்சுட்டியேடி!" என்று சார் அலறினார். மறுநாள் அந்தக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. ஆறாம் வகுப்புக்கு முதல் பீரியடில் கணக்கு கிடையாது. "இப்பத்தான் சின்ன ஸ்கூல்லேருந்து வந்திருக்கு. மொதல்ல கக்கூஸ் எங்க இருக்குன்னு தெரியட்டும்." ஏழாம் வகுப்புக்குத் தினமும் மதியத்துக்கு மேல் ஏதாவது ஒரு ஆட்டம் பாட்டம் வேண்டும், இல்லாவிட்டால் பெஞ்சு உடையும். எட்டை வாரம் ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்குள் விடுவார். காலை வேளைக் கணக்கு, அறிவியல் பீரியடெல்லாம் முதலில் பத்துக்கு. "தண்ணி தொறந்தா மொத மடை அதுக்குத்தான்" என்பார். ஆனால் அவர் உயிர் இருப்பதென்னவோ ஒன்பதில். "அந்த வருஷந்தாங்க புள்ள மொதமொதல்ல ஏன்னு கேக்கும். பத்துல கேக்க நேரம் ஏது?"

தொண்ணூற்றாறில் வந்தது வினை. வளைகுடாவில் சம்பாதித்த நாலு பேர் சேர்ந்து, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி கட்டினார்கள். டை, ஷூ, மஞ்சள் வேன். அங்கே ஒன்பதாம் வகுப்பு பெயருக்குத்தான். தீபாவளிப் புகை அடங்குவதற்குள் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடும்.

"நாமளும் அப்படியே பண்ணிருவோம் சார், ரிசல்ட்டு வேணும்ல" என்றார் தலைமையாசிரியர் செல்லதுரை.

"ஒன்பதைத் தூக்கறதா இருந்தா, டைம்டேபிளை வேற ஆளை வெச்சுப் போட்டுக்குங்க சார்."

செல்லதுரை தாமே போட்டுப் பார்த்தார். பதினாலு பிரிவு, இருபத்திரண்டு ஆசிரியர். திங்கட்கிழமை மூன்றாம் பீரியடில் தமிழம்மா ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நின்றார், எட்டாம் வகுப்பில் ஒருவருமே இல்லை. மனிதர் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்பது பிழைத்தது. அந்த வெற்றியைச் சார் இரண்டு வருடம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஜூனில் அவருடைய ஒரே மகள் ரோஸ்லின், அதே பள்ளியில், ஒன்பதுக்குப் போகிறாள். பக்கத்து வீட்டு சாஜிதாவும் ஒன்பதுதான், ஆனால் மெட்ரிக் பள்ளி. அங்கே இப்போது தீபாவளி வரைகூடப் பொறுப்பதில்லை, கோடை விடுமுறையிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ். சாஜிதாவின் அப்பா அப்துல் மஜீது ஷார்ஜாவிலிருந்து வெள்ளிதோறும் போன் போட்டு, எத்தனை பாடம் ஆச்சு என்று கேட்பார். அதற்காகவே அந்தப் பெண் சுவர் அதிரச் சூத்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்.

"கேக்குதா?" என்றார் பாத்திமா மேரி. "மஜீது பாய் பொண்ணு பத்தாவது கணக்கு சொல்லுது. நம்ம புள்ள கம்ப்யூட்டர் படிக்கணுங்கறா. பத்துல மார்க்கு கொறஞ்சா கும்பகோணத்துல ஃபர்ஸ்ட் குரூப்பு யாரு குடுப்பா? நீங்க மொச்சக்கொட்டைய எண்ணிக்கிட்டே இருங்க."

"ஒன்பதை ஒழுங்காப் படிச்சாப் போதும்" என்றார் சார். செல்லதுரையிடம் பேசிய குரல் இல்லை அது. சாருக்குப் பயம் வந்துவிட்டது. ஊரார் பிள்ளைகளை நம்பி ஒரு கொள்கை வைத்திருப்பது சுலபம். அதில் சொந்த மகளை ஏற்றி அனுப்புவது அத்தனை சுலபமில்லை.

மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினார். உள்ளூர்க் கடையில் புத்தகம் வாங்கினால் சாயந்தரத்துக்குள் செல்லதுரை காதுக்குப் போய்விடும். திரும்பி வந்து காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, குண்டுக் கையெழுத்தில் எழுதினார்: ரோஸ்லின், ஒன்பதாம் வகுப்பு, கணக்கு.

ரோஸ்லின் நாலு பக்கம் புரட்டினாள். "அப்பா! இது பத்தாவது புக்குப்பா!"

"தெரியும். மொதக் கணக்கைப் படி. மெதுவா."

அவள் படிக்க வாயெடுத்தாள். கரண்டு இல்லாத பகல். தெருப்பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தது. சார் எழுந்து போய், ஜன்னலின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, கொக்கியும் போட்டுவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.