வெந்நீருக்கு ஒப்பாதவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் ‘காலேஜ்’ என்று பெயர். கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருத்திக்கு அந்தப் பட்டத்தை வழங்கிய பெருமை உடன் வேலை செய்தவர்களையே சேரும்.

“ஏ காலேஜ், மூணாவது வார்டு மூட்டை வந்திருச்சு. படிச்சுக் கிழிச்சது போதும், வா!”

வயது முப்பத்து நான்கு. முப்பத்தைந்துக்குள் நுழைவுத் தேர்வில் தேறினால்தான் கல்லூரியில் இடம், சலவைக்கூடத்திலிருந்து விடுதலை. கணக்கில் புலி. மொழிப் பகுதியில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி.

அருஞ்சொற்களைத் தாளில் எழுதி, துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதவில் ஒட்டிவைத்தாள். ஒரு சுற்றுத் துணி காய்வதற்குள் பன்னிரண்டு சொல். சூட்டில் பசை இளகி ஓரிரு தாள் விழுந்துவிடும். சொல் மண்டையை விட்டு விழாது. பத்தியைப் படித்து விடை சொல்லும் இடத்தில்தான் வில்லங்கம். அவள் பத்தியோடு சண்டைக்குப் போய்விடுவாள்.

பயிற்சி மையத்து ஆசிரியர் அவளுக்குப் பத்து வயது இளையவர். தலையில் அடித்துக்கொண்டார்.

“அக்கா, உங்க கருத்தை யாரு கேட்டா? பத்தியில என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லுங்க.”

“தப்பாப் போட்டிருந்தா?”

“அந்தத் தப்பைச் சரியாச் சொல்லுங்க.”

இதே பாடத்தை அவள் கணவர் பதினைந்து வருடமாக வீட்டில் கட்டணமின்றி நடத்திவந்தார். அங்கும் அவள் தேறவில்லை.

ஆனாலும் கடைசி மாதம் வாயைக் கட்டினாள். திமிங்கிலத்தைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் பத்தி எதை அளந்தாலும் தலையாட்டினாள். மாதிரித் தேர்வில் முழு மதிப்பெண். ஆசிரியர் நெகிழ்ந்துபோனார்.

தேர்வன்று கடைசிப் பத்தி, சலவையின் வரலாறு. சலவைக்கூடத்தை எட்டிக்கூடப் பார்க்காத ஏதோ ஒரு மேதை, இரத்தக் கறை கொதிக்கும் நீரில்தான் போகும் என்று எழுதிவைத்திருந்தார். ‘பத்தியின்படி, இரத்தக் கறையைப் போக்குவது எது?’

வெந்நீர் பட்டால் இரத்தம் துணியோடு வெந்து, குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு வருடம் பிரசவ அறை விரிப்புகளைத் துவைத்த கைக்கு இது தெரியும். ‘பத்தியின்படி’ என்பதை மூன்று முறை படித்தாள். பென்சில் வெந்நீருக்கு மேல் வெகுநேரம் நின்றது. பிறகு பச்சைத் தண்ணீரின் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்து வந்தாள்.

ஒரு மதிப்பெண்ணில் போயிற்று.

“வெந்நீர்னு போட்டுத் தொலைச்சிருந்தா என்னடி குறைஞ்சிருக்கும்?” என்றாள், மூட்டை பிரிக்கும் தோழி.

“போட்டுட்டு இங்க வந்து எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் துவைக்கிறது?”

“அடியே, போட்டிருந்தா இங்க வரவே வேண்டாமேடி!”

காலேஜ் விரிப்பைப் பிரிப்பதை நிறுத்தினாள். இந்தக் கோணம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாலையில் உலர்த்தும் இயந்திரத்தின் கதவிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக உரித்தாள். பசைத் தடம் மட்டும் நின்றது. அது வெந்நீரில்தான் போகும்.

ஒரு வாளி பிடித்துவந்து, அழுத்தித் துடைத்தாள்.