ஊதுபத்திப் புகை

வேம்புலி வீட்டுப் பின்சுவரில், கூரையை ஒட்டி ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு தலையணையைத் திணிக்கலாம், அவ்வளவு பெரிது. கோவில்பதாகைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், "கம்பெனில வேல பாக்குறாரு, ரெண்டு செங்கல்லு வாங்க மனசு வரலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிற விஷயமா அது?

வேம்புலியின் அப்பா அடுத்தவர் நிலத்தில் சேறு மிதித்தவர். வேம்புலிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. காற்றடைக்கும் இரும்புத் தொட்டி செய்கிற கம்பெனி. தொட்டியின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் பார்த்து அனுப்பிய தொட்டியில் காற்று கசிந்ததாகப் பேச்சே கிடையாது. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

ஒரே மகள் வசந்தகுமாரி. அவளைத் திருநின்றவூரில் கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு வந்தபோது ஐப்பசி அடைமழை. பழைய ஓட்டு வீடு, சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே கை நுழையும். சாரலும் ஊதக்காற்றும் நேரே தொட்டிலுக்கு வந்தன. பிள்ளைக்கு ஜன்னி கண்டது, பிழைக்கவில்லை. சம்பந்தியம்மா பூங்காவனம் வாசலில் நின்றுகொண்டே, "ஊடா இது? சல்லடை!" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் வேம்புலிக்குள்ளேயே கிடந்தது.

மகள் மறுபடி உண்டானதும் மனிதர் வீட்டைப் பிரித்துவிட்டார். ஓடுகளுக்கு அடியில் கம்பெனிப் பெட்டிப் பலகைகளை அடித்து, பலகைக்கு மேலே உமி நிரப்பினார். வெயிலும் இறங்காது, பனியும் இறங்காது என்றார். சந்துபொந்தெல்லாம் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தார். ஜன்னலுக்குப் பலகை. கதவின் ஓரமெல்லாம் ரப்பர் பட்டை. கடைசியில் ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாகக் கொண்டுபோவார். புகை எங்கே வளைகிறதோ அங்கே இன்னும் ஒரு விரல் கலவை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புகை நூல் பிடித்ததுபோல் நேரே மேலே போயிற்று. "பாத்தியாப்பா? ஒரு பொட்டு காத்து வரட்டும் பாக்கலாம்!" அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

எழுபத்தொன்றாம் வருஷ மார்கழியில் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வேம்புலி அடைத்த அந்த அறைக்குத்தான் வந்தார்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடக் கரித்தணல் சட்டி வைப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பனி கொட்டியதால், சட்டியை ராத்திரியும் உள்ளேயே வைத்துக்கொண்டாள் அவர் மனைவி பொன்னியம்மா. தணல் அவியாமல் பார்த்துக்கொள்ள அதன் பக்கத்திலேயே படுத்தாள்.

விடிகிற நேரத்தில் தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறதென்று வசந்தகுமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். படியிலேயே மயங்கி விழுந்தாள். சத்தம் கேட்டு வாசலில் படுத்திருந்த வேம்புலியும் நானும் ஓடினோம். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். பொன்னியம்மா எழுந்திருக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் வேம்புலியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "அந்த ரூமுல காத்து வெளிய போக வழி இருந்துதா?" திரும்பி வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் தெரு சும்மா இருக்குமா? பேய் அடித்தது என்றது பாதி. மீதிப் பாதி, பிறந்த பிள்ளை பாட்டியை முழுங்கிவிட்டது என்றது. பச்சை மண்ணைப் பார்த்து இப்படிப் பேசுகிற நாக்கை என்ன செய்வது!

கருமாதி அன்று பூங்காவனம் வந்தார். பிள்ளையைத் தொடவில்லை. "ஒண்ணு போச்சு. இது பொறந்ததும் பாட்டிய முழுங்கிச்சி. இத்த எப்டி எங்கூட்டுக்குத் தூக்கிகினு போறது? உம் பொண்ணும் புள்ளயும் இங்கியே கெடக்கட்டும்."

வசந்தகுமாரி பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவளுமே அதை நம்பத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

வேம்புலி எழுந்தார். "வாங்க சம்மந்திம்மா, ஒண்ணு காட்றேன்." எல்லோரையும் அந்த அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரம் பிடித்தார். புகை அசையாமல் நேரே நின்றது.

"பேயி எந்த வழியா வரும்? ஒரு எறும்பு வர சந்து கீதான்னு சொல்லுங்க. தணலு இருந்த காத்தையெல்லாம் கெடுத்துட்ச்சி. கெட்ட காத்து வெளிய போவ வழியில்ல. டாக்டரு எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாரு. எம் பொண்டாட்டிய நாந்தாம்மா அடைச்சி வெச்சிக் கொன்னேன். புள்ள மேல பழி போடாதீங்க."

வெளியே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். பின்சுவரை இடித்தார். அழுதுகொண்டே இடித்தார். கலவையும் செங்கல்லும் விழுந்து, மார்கழிக் காற்று உள்ளே வந்தது.

பூங்காவனம் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்கால ரயிலில் மூவரும் திருநின்றவூர் போனார்கள்.

பிள்ளைக்குப் பழி போயிற்று. மகளோ அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்குப் போனால் சோறு போடுவாள், முகம் பார்க்கமாட்டாள். வேம்புலி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். எவ்வளவு பனி கொட்டினாலும் அந்த ஓட்டைக்கு நேரேதான் படுப்பார்.

அடுத்த பிரசவத்துக்கு அவளைப் பூங்காவனமே கொண்டுவந்து விட்டார். வசந்தகுமாரி யாரையும் பார்க்காமல் நேரே அந்த அறைக்குள் போனாள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஓட்டைக்குக் கீழே பிடித்தாள். புகை வளைந்து வெளியே போயிற்று. அது தீர்ந்து கையைச் சுடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வாசலில் நின்றிருந்த அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நைனா, பனில இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள வா."