பெஹாலாவில் ஒரு புதர்வழி

"பெஹாலா குளத்துக்குப் பின்னால ஏதுங்க பாதை? வெறும் புதருங்க," என்று சிரித்தார் எங்கள் மவுண்டன் பைக் குழுவின் தலைவர்.

சைக்கிளில் ஓர் அரிவாளைக் கட்டிக்கொண்டு அங்கே தனியாகப் போனேன். டயரில் நசுங்கிய கொடியின் நாற்றம் எழுந்ததும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அப்போது பள்ளிக்கான சாலை ஓர் அடுக்குமாடி வளாகத்தின் வழியாகப் போனது. பாத்திரம் தேய்க்க அம்மாவை உள்ளே விட்டவர்கள், பள்ளிக்குப் போக என்னை விடவில்லை. அதனால் அம்மா தினமும் இந்தக் கொடிகளைக் கம்பால் அடித்து வழி உண்டாக்கினாள்.

"நீ புஸ்தகத்த நனைக்காம வாடி. பாம்ப நான் பாத்துக்கிறேன்."

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். இந்த வழியாகத்தான் படிக்கப் போனேன். இதையா இல்லை என்கிறார் தலைவர்?

அரிவாளால் கொடிகளை வெட்டி, கடைசிவரை ஓட்டினேன். குழுவின் இணைய வரைபடத்தில் 'செல்லம்மா பாதை' என்று அம்மா பெயரிலேயே ஏற்றிவிட்டேன்.