ஞானமுத்து மாஸ்டர் என்னிடம் கேட்ட கேள்வி

காலை பத்து மணி இருக்கும். காரியாபட்டியில் என் செல்போன் சர்வீஸ் கடையில், யாரோ கீழே போட்டு உடைத்த போனின் டிஸ்பிளேயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ரிஸ்வானா கூப்பிட்டாள். வீரசோழத்துப் பெண், இப்போது கல்லூரியில் முதல் வருடம். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவளே தவிர, போன் போடுகிறவள் இல்லை. அதனால் மணி அடித்ததுமே கையிலிருந்த டிஸ்பிளேயைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, மாஸ்டரு தவறிட்டாக. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாகளாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சாம்" என்றாள். "சரிம்மா, வாரேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

ஸ்டண்ட் மாஸ்டர் ஞானமுத்துவை அறிந்த உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தச் செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இனி அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்கிற நிம்மதி. அவர் கவனக்குறைவால் ஒரு குழந்தை கிணற்றில் விழப் பார்த்தது என்ற பழி ஏழு வருடமாக அவர் பெயரோடு ஒட்டிக்கிடக்கிறது. உங்களில் சிலரும் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தவறு அவருடையதல்ல, என்னுடையது. இதை விட்டுவிட்டு அவர் தங்கமான மனிதர் என்று நாலு பக்கம் எழுத எனக்குக் கூசுகிறது.

'ஏழாம் கோட்டை' படத்தை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். மதுரைப் பையன்கள் இருவர் செய்த, அதே பெயருள்ள செல்போன் விளையாட்டுதான் அதற்கு மூலம். ஒரு சிறுமி கோட்டைச் சுவரில் ஓடுவாள், குதிப்பாள், ரத்தினம் பொறுக்குவாள், குறுக்கே வரும் பூதங்களை உதைப்பாள். அவளுக்கு மூன்று உயிர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சோறு தண்ணி இல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்த காலத்தில், அதைப் படமாக எடுத்தால் கூட்டம் அள்ளும் என்று ஒருவர் கிளம்பினார். ஏழு கோட்டையையும் இரண்டு தடவை முடித்தவன் என்ற ஒரே தகுதியில் கதை வசனம் எழுத என்னைப் பிடித்தார்கள்.

திருச்சுழிப் பக்கம் கருவேலம் வெட்டிப்போட்ட ஒரு கண்மாய்தான் எங்கள் வேற்றுக் கிரகம். பூதத்துக்கு சோபா ரெக்சினில் உடை தைத்திருந்தார்கள். வெயிலில் வியர்த்து ரெக்சின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, பூதம் நடந்தால் பாய் கிழிகிற சத்தம் வரும். ரத்தினம் என்பது ஜிகினா ஒட்டிய பிளாஸ்டிக் பந்து, உள்ளே ஒரு சீரியல் பல்பு. கதாநாயகியாக நடித்த ரிஸ்வானா செத்தால் மணி அடிக்கும், கண்ணைத் திறந்து எழுந்துவிடுவாள். "பூதமே, உன் ஆட்டம் முடிந்தது" என்று பதினோரு இடத்தில் வசனம் எழுதிய புண்ணியவான் நான்தான்.

அந்தக் கூத்துக்கு நடுவில் வேலையை வேலையாகப் பார்த்தவர் ஒருவர்தான். சென்னையில் பதினைந்து வருடம் பெரிய பெரிய ஆட்களுக்கு டூப் போட்டு விழுந்து, போதும் என்று பாளையம்பட்டி வீட்டுக்குத் திரும்பியிருந்தவர் ஞானமுத்து மாஸ்டர். முதல் நாள் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "கேம்ல மூணு உசுரு, உங்களுக்கு எழுதுறது லேசு தம்பி. எனக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு உசுருதான்."

அவர் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. குதிக்கப் போகிற பிள்ளையின் எடைக்கு மணலை நிறுத்து மூட்டை கட்டி, முதலில் மூட்டையைத் தள்ளிவிடுவார். அப்புறம் அவர் குதிப்பார். அப்புறம் சுண்ணாம்புப் பொடியால் தரையில் தடம் போடுவார். கடைசியாகப் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, எங்கே ஓடுவாய், எங்கே மிதிப்பாய், எங்கே விழுவாய் என்று மூன்று முறை அதன் வாயாலேயே சொல்ல வைப்பார். அது முடிந்துவிட்டால் அந்தப் பிள்ளையிடம் வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இயக்குநர்கூட.

ஒருநாள் அது முடிந்த பிறகு, லைட் பிடிக்கிறவர் பாசமாக, "பயமா இருக்கா பாப்பா?" என்று கேட்டுவிட்டார். மாஸ்டர் எல்லாவற்றையும் நிறுத்தி, மணல் மூட்டையில் இருந்து மறுபடி ஆரம்பித்தார். வெயில் போகிறது என்று இயக்குநர் குதித்தார். "போகட்டும்யா, நாளைக்கும் வரும். கேட்ட பெறகுதான அதுக்குப் பயமே வந்திருக்கும். என் சொல்லு மட்டும் அது காதுல இருக்கணும்" என்றார் மாஸ்டர். அன்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து அவரைக் கிண்டல் செய்தேன்.

விபத்து நடந்த இடம் என் சித்தப்பாவின் தோட்டம். ஒரு பழைய மோட்டார் ரூம்தான் கோட்டை. உயரம் எட்டடி. மொட்டைத் தளத்தில் ஓடி, இடது பக்கம் அடுக்கிய அட்டைப் பெட்டிகளிலும் மெத்தையிலும் ரிஸ்வானா குதிக்க வேண்டும். அவளுக்கு அப்போது பத்து வயது. வலது பக்கம் நாலடி தள்ளிக் கிணறு. தண்ணீர் வற்றி, அடியில் பாறை தெரிந்தது. அதை மூடச் சொன்னார் மாஸ்டர். மூடினால் காட்சியே இல்லை என்றார் இயக்குநர். "அப்ப நான் அங்கன நிக்கிறேன். கேமராவுல என் தலை தெரிஞ்சா வெட்டிக்கோங்க" என்றார்.

ரிஸ்வானா மூன்று முறை பிசகில்லாமல் சொன்னாள். மாஸ்டர் அவள் தலையைத் தொட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக் கிணற்றுப் பக்கம் போனார். போய் நிற்க அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள் இருந்த விளையாட்டுக்காரனுக்கு அப்போது ஒரு குறை தோன்றியது. விளையாட்டில் அந்தக் கட்டத்தில் சிவப்பு ரத்தினம் வலது பக்கம்தான் இருக்கும். விளையாடிய பிள்ளைகள் தியேட்டரில் அதைத் தேடுவார்களே என்று நினைத்தேன். ஏணியில் கால் வைத்தவளிடம் மெல்லச் சொன்னேன்: "ஓடுகையில வலது பக்கம் லேசா ஒரு பார்வை பாத்துரு. சிவப்பு ரத்தினம் அங்கதான."

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவளும் அந்தக் கட்டத்தை நூறு தடவை ஆடியவள். அந்த இடத்தில் கண் வலது பக்கம் போனால் கட்டைவிரல் தானாக அந்தப் பக்கம் இழுக்கும். ஆடிய எல்லோருக்கும் தெரியும். எனக்கு ரொம்பவே தெரியும்.

அவள் ஓடினாள். வலது பக்கம் பார்த்தாள். பார்த்த பக்கமே தோள் திரும்பியது, கால் மிதித்தது, குதித்துவிட்டாள். தோள் திரும்பியதுமே மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் கிணறு, ஒரு அடி நகர முடியாது. வந்த பிள்ளையை நெஞ்சில் வாங்கி, உடம்பைத் திருகி, கிணற்றின் விளிம்புக் கல்லில் இடது தோள் அடிபட விழுந்தார். இரண்டு காலும் கிணற்றுக்குள் தொங்கின. வலது கை அவளைச் சுற்றி இருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அசையவில்லை.

அந்த அமைதியில் அவர் குரல் மட்டும் கேட்டது. "பாப்பா, இப்ப எங்க இருக்க, சொல்லு."

"உங்க மேல, மாஸ்டர்."

"சரி. அப்படியே இரு. அசையாத."

முதலில் ஓடியவர் பூத வேடக்காரர்தான். ரெக்சின் கிழிய மண்டியிட்டு மாஸ்டரின் சட்டையைப் பிடித்தார். அப்புறம்தான் மற்றவர்கள் ஓடினோம். ரிஸ்வானாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மாஸ்டரின் இடது கை அதன்பிறகு தோளுக்கு மேல் எழவே இல்லை.

இருவரையும் ஒரே காரில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். மதியம் வீரசோழத்தில் இருந்து அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா நாலு பேரோடு வந்து இறங்கினார். என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று கேட்டார். தயாரிப்பாளர் இயக்குநரைப் பார்த்தார், இயக்குநர் தரையைப் பார்த்தார். துண்டில் கையைத் தொட்டில் கட்டியிருந்த மாஸ்டர் எழுந்து நின்றார். "பிள்ளை என் பொறுப்புல இருந்துச்சு பாய். வேற யாரையும் கேக்காதீக."

"உங்களை நம்பித்தான விட்டேன்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் நாலு அடி கொடுத்திருக்கலாம். நான் மூன்று எட்டு தள்ளி ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படம் அருப்புக்கோட்டையில் ஒரு வாரம் ஓடியது. அந்தக் குதியையும் படத்தில் வைத்தார்கள், அவள் வலது பக்கம் திரும்பிப் பாய்கிற வரைக்கும். அப்புறம் மணி அடிக்கும், எழுந்துவிடுவாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாஸ்டரை அதன்பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நூற்பாலை ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். வாழ்க்கை முழுக்கத் தன் கையில் வந்த யாருக்கும் கீறல் விழவிடாதவர் என்ற பெயர் ஒன்றுதான் அவர் சென்னையிலிருந்து கொண்டுவந்தது. அது போயிற்று.

விபத்து நடந்து இரண்டு வாரம் கழித்து, ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி எஸ்தர் அக்கா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, நான் கேட்டு முடிச்ச பெறகு பாப்பாகிட்ட யாரும் பேசினாகளா?"

"இல்ல மாஸ்டர். நான் பாக்கல" என்றேன்.

மாஸ்டர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "சரி. காப்பியக் குடிங்க, ஆறிரும்" என்றார். குடித்தேன்.

அதன்பிறகு கிறிஸ்துமஸுக்குப் போவேன், பொங்கலுக்குப் போவேன், அந்தப் பக்கம் வேலை இருந்தாலும் போவேன். வாரேன் என்று முதலிலேயே போன் பண்ணிவிடுவேன். மில்லைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார். நடு நடுவே பேச்சை நிறுத்திச் சும்மா இருப்பார். அந்த நேரங்களில் கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு ரிஸ்வானாவும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து மதிலோரம் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணே, அன்னைக்கு கார்ல போகையிலயே மாஸ்டர்கிட்ட நான் சொல்லிட்டேன். நீங்க வலது பக்கம் பாக்கச் சொன்னீகன்னு. 'அத்தாகிட்டச் சொல்லாத பாப்பா, அந்த அண்ணனே வந்து சொல்லுவாக'ன்னாக. நானும் இன்ன வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. நீங்க மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டீகளாண்ணே?"

நேரே அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். "ஏழு வருசமா ரோட்டுல பாத்தாக்கூட நான் அவுககிட்டப் பேசலையே" என்றார். என்னைத் திட்டவில்லை. கல்லறைப் பக்கம் திரும்பிக்கொண்டு, கூட்டம் கலைகிற வரை அங்கேயே நின்றார்.

பத்து நாள் கழித்து எஸ்தர் அக்காவைப் பார்க்கப் போனேன். இதை எழுதப் போகிறேன், அதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். "எங்களுக்குத் தெரியும் தம்பி" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "நீங்க வாரேன்னு போன் பண்ணினாலே, 'இன்னைக்குச் சொல்லிருவாரு பாரு'ன்னு சட்டையப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துருவாக. மத்த நேரமெல்லாம் பனியனோடதான் இருப்பாக. கை எழும்பாதுல்ல. நான் போட்டுவிடவான்னாலும் கேக்க மாட்டாக. நீங்க போன பெறகு, 'சரி, அடுத்த தடவை சொல்லுவாரு'ன்னு கழட்டுவாக."

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான். வேறு எதையும் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நான் போன ஒவ்வொரு தடவையும் கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையோடு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மரியாதைக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.